புகையில்லாக் கரியும் புலப்படாத நஞ்சும்

ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறந்ததும் வட இந்தியாவில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "இவ்வாண்டு குளிர் எப்படி இருக்குமோ?" என்பதே அப்பேச்சு. நம் தாயகத்தில் நெருப்பு என்பது சமையலுக்கு உரியது, வெந்நீருக்கு உரியது. வீட்டையே சூடாக்குவதற்கு நெருப்பு வேண்டும் என்பது, உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்வாசிகள் நீங்கலாக, நம்மவர் பழகியறியாத செய்தி. இங்கோ மார்கழியிலும் தையிலும் சுவரும் தரையும் பனிக்கட்டிபோல் குளிர்ந்துவிடுகின்றன. கோடையின் வெப்பத்தைத் தடுப்பதற்கென்று கட்டப்பட்ட வீடுகள் குளிருக்கு உதவுவதில்லை. ஆகவே, கம்பளியும் ரஜாயும் போதாத இரவுகளில் கரி நெருப்பின் நினைவு வருவது இயல்பே.

அந்த நினைவோடு ஒரு கேள்வியும் வருகிறது. எந்தக் கரி நல்லது? அயல்நாட்டில் மக்களைக் குடிவைத்திருக்கும் பெரியவர்கள் சிலர், "அமெரிக்காவில் ஆந்த்ரசைட் என்று ஒரு கரி இருக்கிறதாம், புகையே இல்லையாம், ஒரு முறை போட்டால் இரவெல்லாம் எரியுமாம், அது இங்கே கிடைக்காதா?" என்று என்னிடம் கேட்டதுண்டு. நாள்தோறும் நிலக்கரி வாகன்களின் எடையையும் கட்டணத்தையும் எழுதிக்கொண்டிருக்கும் ரயில்வே குமாஸ்தாவிடம் கேட்டால் விடை கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம். நம் ரயில்வே சுமக்கும் சரக்கில், எடைக் கணக்கின்படி, ஏறத்தாழப் பாதி நிலக்கரியே. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன் நான் எனினும், தினமும் கையாளும் பொருளைப் பற்றிப் படித்தறியும் ஆவல் எனக்கு உண்டு. அவ்வாறு அறிந்தவற்றை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன். ஆந்த்ரசைட்டின் பெருமை உண்மைதான். ஆனால் அப்பெருமைக்குள்ளேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அந்த ஆபத்து நம் வீட்டுக் கரிச்சட்டியிலும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் சாரம்.

நிலக்கரியின் நான்கு படிகள்

பழங்காலத்துத் தாவரங்கள் சதுப்பு நிலத்தில் விழுந்து, மக்கி, மண்ணுக்குள் அமுங்கி, கோடிக்கணக்கான ஆண்டுகளில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் கரியாகின்றன. இம்மாற்றத்தில் நான்கு படிகள் உண்டு. முதற்படி பீட் எனப்படும் மக்கிய சதுப்புக் கரி. இரண்டாவது பழுப்பு நிலக்கரி. நம் நெய்வேலியில் வெட்டியெடுப்பது இதுவே. அதில் ஏறக்குறையப் பாதி எடை ஈரம். மூன்றாவது, பிட்டுமினஸ் எனப்படும் சாதாரணக் கறுப்பு நிலக்கரி. ஜரியா, ராணிகஞ்சு முதலிய இடங்களிலிருந்து ரயிலில் வருவது இவ்வினம். நான்காவதும் கடைசியுமான படியே ஆந்த்ரசைட்.

படி உயர உயர, கரியில் உள்ள ஈரமும் ஆவியாகும் பொருள்களும் குறைகின்றன. தூய கரிப்பொருள் கூடுகிறது. ஆந்த்ரசைட்டில், சாம்பலையும் ஈரத்தையும் நீக்கிப் பார்த்தால், நூற்றுக்கு 86 பங்குக்கு மேல் கரிப்பொருளே. சூடேறினால் ஆவியாகிப் புகையாகக் கிளம்பும் பொருள்கள் அதில் மிகச் சொற்பம். சாதாரண நிலக்கரியில் அவை நூற்றுக்கு 20 பங்கையும் தாண்டும். புகைக்கும், கரிப்பிசினுக்கும், சுவரில் படியும் அட்டைக்கரிக்கும் அவையே காரணம். ஆந்த்ரசைட்டைக் கையில் எடுத்தால் கை கறுக்காது. உடைத்த முகம் கண்ணாடிபோல் பளபளக்கும். கரி என்பதைவிடக் கல் என்பதே பொருந்தும்.

எரியாத கல்

உண்மையில் நெடுங்காலம் அதைக் கல்லென்றே ஜனங்கள் எண்ணியிருந்தார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பென்சில்வேனியா மாகாணத்தில் கிழக்குப் பகுதி மலைகளில் இக்கரி ஏராளம். ஆனால் கொல்லன் உலையில், துருத்தியின் காற்றால் அன்றி, அது பற்றுவதில்லை. விறகுபோல் அடுக்கி நெருப்பு வைத்தவர்கள் ஏமாந்தார்கள். வில்க்ஸ்-பாரே என்னும் ஊரில் வாழ்ந்த ஜெஸ்ஸி ஃபெல் என்பவர், 1808-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி, இரும்புக் கம்பிகளாலான தட்டு ஒன்றைத் தம் வீட்டுக் கணப்பில் அமைத்து, அதன்மேல் இக்கரியை இட்டு எரித்துக் காட்டினார். துருத்தி இல்லை, விசிறி இல்லை. கம்பிகளின் இடைவெளி வழியே கீழிருந்து தானே ஏறிய காற்று ஒன்றே போதுமானதாயிற்று. அந்நாள் முதல் ஆந்த்ரசைட் வீட்டுக் கரி ஆயிற்று.

இதைச் சார்ந்த மற்றொரு கதையும் அந்நாட்டில் வழங்குகிறது. பிலடெல்பியா நகருக்கு அருகே கம்பி இழுக்கும் ஆலை நடத்திய ஜோசையா ஒயிட் என்பவரின் ஆட்கள், ஓர் இரவு முழுவதும் இக்கரியைக் கிளறியும் குத்தியும் பார்த்துச் சலித்து, உலைக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார்களாம். அவர்களில் ஒருவன் மறந்துவைத்த சட்டையை எடுக்க அரைமணி கழித்துத் திரும்பி வந்தபோது, உலைக் கதவு செக்கச் சிவந்து தகித்துக்கொண்டிருந்ததாம். கீழிருந்து காற்றுக் கொடு. மேலே கை வைக்காதே என்பதே அக்கரி கற்பித்த பாடம். இன்றும் அதை எரிப்பவர்கள் இந்தப் பாடத்தையே பின்பற்றுகிறார்கள்.

விறகடுப்பும் கரியடுப்பும்

விறகுக்கும் ஆந்த்ரசைட்டுக்கும் அடுப்பே வேறு. விறகு தன் சாம்பல் மெத்தையின்மேல் கிடந்தபடியே எரியும். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும் காற்று அதற்குப் போதும். ஆந்த்ரசைட்டுக்குக் கம்பித்தட்டு இன்றியமையாதது. காற்று முழுவதும் கீழேயுள்ள சாம்பல் அறையில் நுழைந்து, கம்பித்தட்டைக் கடந்து, கரிப்படுகையினூடே மேலேற வேண்டும். ஆகவே விறகுக்கென்று செய்த அடுப்பில் இக்கரியைப் போட்டால் அணைந்துபோகும்.

பற்றவைக்கும் முறையும் பொறுமையைக் கேட்பது. முதலில் சுள்ளியும் விறகும் எரித்து நல்ல தணல் படுகை உண்டாக்க வேண்டும். அதன்மேல் மெல்லிய அடுக்காகக் கரியைத் தூவி, அது பற்றியபின் இன்னும் கொஞ்சம் தூவி, இப்படிப் படிப்படியாக ஆழமாக்க வேண்டும். ஆழமில்லாத படுகை நிற்காது. பற்றிக்கொண்டபின் கரியின் மேற்பரப்பில் நீல நிறச் சுடர்கள் நடனமாடும். அந்நீலச் சுடரின் பொருளைப் பின்னால் சொல்லுகிறேன்.

பிறகு வேலை மிகவும் குறைவு. பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை கம்பித்தட்டை அசைத்துச் சாம்பலை உதிர்த்து, புதுக்கரி இட்டால் போதும். விறகடுப்பு இரவில் இரண்டு மூன்று முறை நம்மை எழுப்பும். ஆந்த்ரசைட் விடியும்வரை ஒரே சீராகச் சூடு தரும். ஆயினும் புதுக்கரி இடும்போது ஒரு விதி உண்டு. படுகை முழுவதையும் மூடிவிடக் கூடாது. ஒரு மூலையில் செந்தணல் தெரியும்படி விட வேண்டும். இல்லையேல் கிளம்பும் வாயு எரியாமல் அடுப்புக்குள் தேங்கி, திடீரெனப் பற்றி, 'டப்' என்ற ஓசையுடன் கதவைத் தள்ளித் திறந்துவிடும்.

அந்நாட்டில் கரித்துண்டுகளின் அளவுகளுக்கு வழங்கும் பெயர்கள் நம் பலசரக்குக் கடைப் பட்டியலை நினைவூட்டுகின்றன. முட்டை, அடுப்பு, கஷ்கொட்டை, பட்டாணி, அரிசி, பார்லி என்று பெரிதிலிருந்து சிறிதாக அவை இறங்குகின்றன. கையால் இடும் அடுப்புக்குக் கஷ்கொட்டை அளவே பெரும்பாலும் ஏற்றது. மின்விசையால் தானே கரி ஊட்டிக்கொள்ளும் அடுப்புக்கு அரிசி அளவு. விறகுச் சாம்பல் தோட்டத்துக்கு உரம். நிலக்கரிச் சாம்பலோ செடிகளுக்கு உகந்ததன்று. விறகின் புகைக்குழாயில் எரியக்கூடிய பிசின் படியும். ஆந்த்ரசைட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆயினும் அதன் நுண்சாம்பலில் உள்ள கந்தகப் பொருள்கள் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிப்பதால், குளிர்காலம் முடிந்தவுடன் அடுப்பையும் குழாயையும் துடைத்துவைக்க வேண்டும்.

வெள்ளை உடுத்திய பெண்மணி

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லாக்கவான்னா ரயில்வே என்று ஒரு கம்பெனி இருந்தது. அதன் என்ஜின்கள் ஆந்த்ரசைட் எரித்தன. பிற ரயில்களில் பயணம் செய்தவர்கள் முகமும் சட்டையும் கரியாகி இறங்கியபோது, இந்தக் கம்பெனி ஃபீபி ஸ்னோ என்ற கற்பனைப் பெண்மணியைத் தன் விளம்பரங்களில் உலவவிட்டது. தலை முதல் கால் வரை வெண்ணிற ஆடை. எவ்வளவு தூரம் பயணம் செய்தாலும் அதில் ஒரு கறுப்புப் புள்ளியும் இராது. புகையின்மையை இதைவிட அழகாக எடுத்துரைக்க முடியாது. முதல் உலகப் போரின்போது அக்கரி வேறு தேவைகளுக்கு வேண்டியிருந்தமையால் ரயில்வேக்குக் கிடைக்காமற் போயிற்று. ஃபீபி அம்மையாரும் மறைந்தார்.

புகையுள்ள கரியின் கொடுமையை லண்டன் மாநகர் கண்டது. 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை, காற்று அசையாத குளிரில், வீட்டுக் கணப்புகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் எழுந்த புகை பனியோடு கலந்து நகரை மூடிக்கொண்டது. சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள்; பிற்கால ஆய்வாளர் அத்தொகையை 12,000 அளவுக்கு உயர்த்தினர். அதன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. புகையில்லா எரிபொருளுக்கு மட்டுமே இடம் தரும் பகுதிகள் அமைந்தன. இங்கிலாந்தில் வீடுகளுக்குச் சாதாரண நிலக்கரி விற்பது 2023-ஆம் ஆண்டு மே மாதத்தோடு அடியோடு நின்றது. ஆந்த்ரசைட்டுக்கு அத்தடை விதிக்கப்படவில்லை.

குமாஸ்தாவின் கணக்கு

இனிச் சற்று எண்களைப் பார்ப்போம். ஒரு கிலோ உலர்ந்த விறகு எரிந்தால் சுமார் 3,500 கிலோ கலோரி உஷ்ணம் கிடைக்கும். மின்நிலையங்களுக்குப் போகும் நம் நாட்டுச் சாதாரண நிலக்கரியில் பெரும்பாலும் 3,500 முதல் 5,000 வரை. நல்ல ஆந்த்ரசைட்டில் சுமார் 7,000. நம் வீட்டு அடுப்புக்கரி, அதாவது மரக்கரி, அதுவும் ஏறத்தாழ 7,000. சமையல் எரிவாயு சுமார் 11,000. மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு 860.

புகைக்குழாய் பொருத்திய நல்ல அடுப்பில், உஷ்ணத்தில் நூற்றுக்கு 70 பங்கு அறைக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிலோ ஆந்த்ரசைட்டால் 4,900 கிலோ கலோரி பயன். இது ஆறு யூனிட்டுக்குச் சற்றுக் குறைந்த மின்சாரத்துக்குச் சமம். அதாவது 1,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய ஐந்தே முக்கால் மணி நேரம் எரிவதற்கு ஒப்பாகும். தத்தம் ஊரின் மின்கட்டணத்தையும் கரி விலையையும் இக்கணக்கில் இட்டு, எது சிக்கனம் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளலாம்.

சாம்பலின் கணக்கும் உண்டு. நம் சாதாரண நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு சாம்பல். நல்ல ஆந்த்ரசைட்டில் ஏறக்குறைய 10 பங்கு. ஒரே அளவு உஷ்ணம் பெற, ஒரு கிலோ ஆந்த்ரசைட் எரிக்குமிடத்தில் நம் கரி ஒன்றரை கிலோ முதல் இரண்டு கிலோ வரை வேண்டும். அங்கே நூறு கிராம் சாம்பல் அள்ளினால், இங்கே ஏறக்குறைய அரைக்கிலோவோ அதற்கு மேலுமோ அள்ள வேண்டியிருக்கும். ஆக, எரிதிறனிலும் சுத்தத்திலும் நீடிப்பிலும் ஆந்த்ரசைட்டே முதலிடம் பெறுகிறது என்பதில் சந்தேகமில்லை.

நிற்க. இக்கணக்கில் சேராத ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை.

நீலச் சுடரின் பொருள்

கரிப்படுகையின் அடியில் காற்று நுழையும்போது கரி முழுமையாக எரிந்து கரியமில வாயு உண்டாகிறது. அவ்வாயு மேலே ஏறும் வழியில் செந்தணலைக் கடக்கிறது. அங்கே தணலின் கரி, அவ்வாயுவிலிருந்து பிராணவாயுவில் ஒரு பங்கைப் பறித்துக்கொள்ள, அது கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சாக மாறுகிறது. படுகையின் மேற்புறத்தில் சூடும் புதுக்காற்றும் போதுமானால் அந்நஞ்சு மறுபடியும் எரிந்துபோகும். நாம் அழகென்று பார்க்கும் நீலச் சுடர், அந்த நஞ்சு எரியும் சுடரே. சுடர் இல்லாமல் தணல் மட்டும் கனிந்துகொண்டிருந்தால், நஞ்சு எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள்.

இந்த வாயு நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றோடு ஒட்டிக்கொள்கிறது. மூச்சு விட்டுக்கொண்டேயிருந்தும் உடல் மூச்சில்லாமல் தவிக்கிறது. முதலில் தலைவலி; பிறகு குமட்டல், தலைசுற்றல், கைகால் சோர்வு; அப்பால் தூக்கம் போன்ற மயக்கம். உறங்குகிறவனுக்கு இவ்வறிகுறிகளும் தெரியாது.

விறகும் சாதாரண நிலக்கரியும் கண்ணைக் கரித்து, இருமவைத்து, "கதவைத் திற" என்று நம்மை எச்சரிக்கின்றன. ஆந்த்ரசைட்டும் மரக்கரியும் அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை. புகையின்மை அவற்றின் நற்குணம். அதுவே அவற்றின் பொல்லாத குணமும் ஆகிறது.

தென்கொரியா நாடு இதற்குப் பெரும் விலை கொடுத்தது. அங்கே ஆந்த்ரசைட் தூளை உருளையாக அழுத்தி, மேலிருந்து கீழாகத் துளைகள் இட்டு, யோன்தான் என்ற பெயரில் எரித்தார்கள். அடுப்பின் சூடான வாயுக்கள் தரையின் அடியில் ஓடிச் சென்று அறையைச் சூடாக்கும்படி அந்நாட்டு வீடுகள் அமைந்திருந்தன. தரையில் ஒரு வெடிப்பு விழுந்தால் போதும், நஞ்சு அறைக்குள் நுழைந்துவிடும். எண்ணெயும் எரிவாயுவும் அவ்விடத்தைப் பிடிக்கும் வரையில், பல்லாண்டுகள், ஒவ்வொரு குளிர்காலத்திலும் உறக்கத்திலேயே மாண்ட குடும்பங்கள் அநேகம்.

புகைபோக்கி இருந்தும் பயனில்லாமற் போவதுண்டு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வாழ்வை நாவலாக வடித்த பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஜோலா, 1902-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் பாரிஸில் தம் படுக்கையறையில் இறந்தார். கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தமையால் அறையில் நிறைந்த இந்த வாயுவே அவர் உயிரைக் குடித்தது.

நம் வீடுகளில் நடப்பது

தொலைதூரக் கதைகளோடு இது நின்றுவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வட இந்திய ரயில்வே குடியிருப்பு ஒன்றில் நடந்ததை நான் அருகிலிருந்து அறிவேன். திருநெல்வேலிப் பக்கத்து இளம் தம்பதிகள். தலைப்பிள்ளை பிறந்து இருபது நாள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியம்மாள், பிள்ளைக்குச் சாம்பிராணி போட வைத்திருந்த கும்மட்டி அடுப்பில் கரியை நிறைத்து, தணல் கனிந்தபின் அறைக்குள் கொண்டுவந்து வைத்தார். வாடைக்காற்று வராதபடி சன்னல் இடுக்குகளில் துணி செருகினார். அன்பினால் செய்த காரியம் அது. இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வந்த மகன் நெடுநேரம் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அம்மாள் தள்ளாடியபடி வந்து திறந்தார். மருமகள் கட்டிலில் வாந்தியெடுத்தபடி எழ முடியாமல் கிடந்தாள், குழந்தை துவண்டிருந்தது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பிராணவாயு கொடுத்ததில் மூவரும் பிழைத்தார்கள். "புகை ஒரு பொட்டுக்கூட இல்லையேப்பா, கங்கு செவசெவன்னு நல்லாத்தானே இருந்துச்சு" என்று அந்த அம்மாள் மகனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு நல்ல தணல் என்பதால்தான் ஆபத்து என்பதை அவருக்கு யார் முன்பே எடுத்துச் சொன்னார்கள்?

டில்லியிலும் பஞ்சாபிலும் காஷ்மீரிலும் அங்கீட்டி வைத்து மூடிய அறையில் உறங்கியவர்கள் விடியலில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்ட செய்தி குளிர்காலந்தோறும் பத்திரிகைகளில் வருகிறது. அவர்களில் பலர் வேறு ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். காவல்காரர்கள், கட்டட வேலையாட்கள், ஓட்டல் சிப்பந்திகள். நம்மைப் போன்றவர்களே.

பெரியவர்களின் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். ஆந்த்ரசைட் நம் நாட்டில் மிக அரிது. நம் நிலக்கரியில் மிகப் பெரும்பகுதி அதற்குக் கீழ்ப்படியைச் சேர்ந்தது. ஜம்முப் பகுதியில் காலாகோட் போன்ற இடங்களில், இமயம் எழுந்தபோது நெருக்குண்ட கரி சிறிதளவு அப்படிநிலையை நெருங்குகிறது. நம் ஊர்க் கடையில் அதை வாங்கி வீட்டில் எரிப்பது நடவாத காரியம். மேலும் டில்லியையும் சூழ்ந்துள்ள தேசிய தலைநகர்ப் பகுதியில், மின்நிலையங்கள் நீங்கலாக, நிலக்கரி எரிப்பதற்கு 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை விதிக்கப்பட்டது. கரி கிடைத்தாலும், அதை எரிப்பதற்குரிய கம்பித்தட்டும் புகைக்குழாயும் உள்ள அடுப்பு நம் வீடுகளில் இல்லை. பென்சில்வேனியாக்காரனின் பாதுகாப்பு அவன் கரியில் இல்லை. கூரைக்கு மேலே செல்லும் அவன் புகைபோக்கியில் இருக்கிறது. காஷ்மீரத்து புகாரி அடுப்புக்கும் நம் அங்கீட்டிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. புகாரிக்குக் குழாய் உண்டு. அங்கீட்டி எரிக்கும் அனைத்தையும் நாமே சுவாசிக்கிறோம்.

தாய்மார்கள் கவனத்துக்கு

சில தவறான நம்பிக்கைகள் நம்மிடையே பரவியிருக்கின்றன. நெருப்பின் அருகே வாளித் தண்ணீர் வைத்தால் வாயு அதில் கரைந்துவிடும் என்பர். இவ்வாயு தண்ணீரில் கரைவது அற்பம். வாளி நம்மைக் காப்பாற்றாது. விஷவாயு கனமானது, தரையில் தங்கும், கட்டிலில் படுத்தால் பயமில்லை என்பர். இவ்வாயு காற்றைவிடச் சற்று இலேசானது, அறையெங்கும் பரவும். நீறு பூத்த தணல் ஆபத்தில்லை என்பர். அணையும் நிலையிலுள்ள தணலும் நஞ்சைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே பின்வருவனவற்றை ஒவ்வொரு குடும்பமும் விதியாகக் கொள்வது நலம்.

1. எந்தக் கரியாயினும், குழாயில்லாத நெருப்பை உறங்கும் அறையில் வைக்கலாகாது. பிள்ளை பெற்ற அறைக்கும், நோயாளியின் அறைக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

2. சாம்பிராணி போட்டால் சில நிமிஷங்களில் தூபக்காலை வெளியே எடுத்துச் சென்று தணலைத் தண்ணீர் தெளித்து முற்றிலும் அணைத்துவிட வேண்டும்.

3. பழைய குடியிருப்புகளில் வெள்ளைக்காரர் காலத்துக் கணப்புகள் உண்டு. அவற்றின் புகைபோக்கிகள் பறவைக் கூடுகளாலும், பிற்காலத்துச் செங்கல் அடைப்புகளாலும் மூடியிருக்கக்கூடும். ஆளைக் கொண்டு மேல்வரை சோதிக்காமல் அவற்றில் தீ மூட்டலாகாது.

4. குளியலறையில் எரிவாயு கெய்சர் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. காற்றோட்டமில்லாத அறையில் அதிலிருந்தும் இந்த நஞ்சே உண்டாகிறது. கெய்சரைக் குளியலறைக்கு வெளியே பொருத்துவதே சிறந்தது.

5. அறையைச் சூடாக்க மின்சார ஹீட்டரே நம்மவருக்கு ஏற்றது. எண்ணெய் நிரப்பிய வகை மிகவும் நல்லது. கனமான கம்பியும் பெரிய பிளக்கும் உள்ள இணைப்பில் மட்டும் அதைச் செருக வேண்டும். ரஜாயும் திரைச்சீலையும் அதன் அருகே வரக்கூடாது.

6. கார்பன் மோனாக்சைடு கண்டறிந்து ஒலிக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. புகையைக் கண்டறியும் கருவி வேறு. அது இதற்கு உதவாது.

7. வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், சாப்பாட்டின்மேல் பழி போடுமுன் நெருப்பை நினையுங்கள். எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுசென்று, 112 எண்ணுக்கு அழைத்து, மருத்துவரிடம் "அறையில் கரி எரிந்தது" என்று மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் சிகிச்சையைச் சரியான வழியில் செலுத்தும்.

ஊரிலிருந்து முதன்முதலாக வடக்கே வரும் மாமியாருக்கும், தாயாருக்கும், கைம்பெண் அத்தைக்கும் இதை நாம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அவர்கள் நெருப்போடு வாழ்நாளெல்லாம் பழகியவர்கள். நெருப்புக்குப் பயந்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் பழகிய நெருப்பு, ஓட்டுக் கூரையும் திறந்த முற்றமும் உள்ள வீட்டு நெருப்பு. இங்கே கதவும் சன்னலும் அடைத்த சிமெண்டுப் பெட்டிக்குள் அதே நெருப்பின் குணம் வேறு. பெட்டி படுக்கையோடு அவர்கள் ரயிலைவிட்டு இறங்கும் நாளிலேயே, கம்பளிப் போர்வையை எடுத்துக் கொடுக்கும் கையோடு, இச்செய்தியையும் அவர்கள் காதில் போட்டுவிடுங்கள். நம் வீட்டு வேலைக்குத் துணை நிற்கும் அண்டை வீட்டாருக்கும், இரவுக் காவல்காரருக்கும் அவரவர் மொழியில் இதை எடுத்துச் சொன்னால், அது இக்குளிர்காலத்தில் நாம் செய்யும் மிகப் பெரிய தருமம் ஆகும்.